பிப்ரவரி ஒன்பதாம் தேதிக் கையெழுத்து

ருஷேரே
செப்டம்பர் 14

அன்புள்ள தம்பி தயேப்வாவுக்கு,

உன் அண்ணி கொபுசிங்யே எழுதுவது. நானும் பிள்ளைகளும் நலம். உன் மனைவி நின்சீமாவும் குழந்தைகளும் நலம். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. 'ஸ' வராமல் பேசி எல்லாரையும் சிரிக்க வைக்கிறாள். நீ துபாயில் நாள் முழுக்க ஒரு கட்டட வாசலில் காவலுக்கு நிற்பதாகப் பரிக்யே சொன்னான். அந்த வெயிலில் தலைக்கு ஏதாவது போட்டுக்கொள்.

நீ கொடுத்தனுப்பிய காகிதத்தைப் பரிக்யே விடுமுறைக்கு வந்த அன்றே கொண்டுவந்து கொடுத்தான். நான்கு வரிதான். அண்ணன் போய்ச் சேர்ந்ததைக் கேள்விப்பட்டேன், கிட்னி தருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் ஓடிவந்ததால்தான் அவர் செத்தார், என்னை மன்னிக்க வேண்டாம், இனி ஊர்ப்பக்கம் வர மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். பலமுறை படித்துவிட்டேன். பரிக்யே வியாழக்கிழமை திரும்பிப் போகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிட வேண்டும். நீ போன் நம்பரை மாற்றாமல் இருந்தால் கூப்பிட்டே சொல்லியிருப்பேன். ஆனால் பாதியில் நான் அழுதிருப்பேன், நீ வைத்துவிட்டிருப்பாய். காகிதம்தான் நல்லது.

நீ போன பிறகு நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பொறுமையாகப் படி.

மார்ச் மாதம் நல்ல மழை. அப்போது உன் அண்ணன் கழுத்தில் குழாய் இருந்தது, நீ பார்த்திருக்கிறாய். அதில் தண்ணீர் படக்கூடாது என்று கமுசிமே நர்ஸ் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவாள். நம் பசு வெள்ளைக் கழுத்துக்காரி கன்று போட முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. கன்றின் கால் திரும்பியிருந்தது. நான் ஆளைக் கூப்பிட ஓடினேன். வந்து பார்த்தால் இவர் மழையில் முழங்கைவரை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கிறார். கழுத்துக் கட்டு ஊறித் தொங்குகிறது. கன்று பிழைத்தது. மூன்றாம் நாள் ம்பராரா ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் போட்டவுடன் இவருக்குக் குளிர் வந்து கட்டிலே ஆடியது. கிருமி குழாய் வழியாக ரத்தத்துக்குள் போய்விட்டது என்றார் நுவகாபா டாக்டர். குழாயை உருவிவிட்டு, இரண்டு நாள் மருந்து ஏற்றிப் பார்த்து, அடுத்த பக்கக் கழுத்தில் வேறு குழாய் வைத்தார்கள். மூன்று வாரம் ஊசி. கமுசிமே நர்ஸ் தினமும் திட்டுவாள். "மாட்டுக்குப் பிரசவம் பார்க்க ஊர்ல உங்களை விட்டா ஆள் இல்லையா?" இவர் கண்ணை மூடிக்கொண்டே பதில் சொல்வார், "ஆள் இருந்தாங்க சிஸ்டர், பசுதான் வெயிட் பண்ண மாட்டேன்னுச்சு."

அதன் பிறகு இடது மணிக்கட்டில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள். இனிக் கழுத்துக் குழாய் வேண்டாம், கையிலேயே ஊசி குத்தலாம் என்று. தைத்த இடத்தில் கையை வைத்தால் உள்ளே ஓர் இரைச்சல் ஓடும். "உள்ளே ஒரு கன்னுக்குட்டி பால் குடிக்குது, தொட்டுப் பாரு" என்பார் வருகிறவர்களிடமெல்லாம். உன் பெண் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தூங்கப் போவாள். அது ஆறி முதிர்ந்து, மே மாதம் ஊசி போட ஆரம்பித்தார்கள். அந்த ஆறு வாரம் வீட்டில் சிரிப்பு இருந்தது.

ஜூனில் ஒருநாள் மெஷினில் இருக்கும்போதே ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கிவிட்டது. கால் தசை முறுக்கிக்கொண்டு கத்தினார். உப்புத் தண்ணீர் ஏற்றி, கட்டிலைத் தலைப்பக்கம் தாழச் சாய்த்து, தெளியவைத்து அனுப்பினார்கள். மறுநாள் காலை என்னை எழுப்பி, "இங்க கையை வை" என்றார். வைத்தேன். உள்ளே ஒன்றும் ஓடவில்லை. அன்றைக்கே ஓடினோம். அடைத்துவிட்டது, திறக்க முடியவில்லை. கழுத்து நரம்புகளும் சுருங்கிவிட்டிருந்தன. தொடையில் குழாய் வைத்தார்கள்.

அன்று வேனில் திரும்பி வரும்போது உன்னைச் சபித்தேன் தயேப்வா. வாய்க்குள் இல்லை, சத்தமாகவே. வண்டியில் இருந்தவர்களுக்கும் கேட்டது. உன் அண்ணன் என் கையைப் பிடித்து, "சும்மா இரு. நான்தான் வேணாம்னேன். அவன் போனது சரி" என்றார்.

இதை அவர் பிப்ரவரியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். சர்ச்சில் கேட்டவர்களிடம், பால் எடுக்க வந்தவர்களிடம், எல்லாரிடமும் அதே பேச்சு. நான்தான் வேணாம்னேன். யாரும் நம்பவில்லை. தம்பியைக் காப்பாற்றுகிறார், பெரிய மனசு என்றார்கள். நானும் நம்பவில்லை. "நீங்க நல்லவரா இருந்துக்கோங்க. நான் நல்லவ இல்ல" என்று அன்று வேனிலேயே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஜூலையில் உங்கள் அத்தை பேத்திக்கு நிச்சயதார்த்தம். சாப்பாட்டு விஷயம் உனக்குத் தெரியும். வாழைக்காயைப் பொடியாக நறுக்கி, ஊறவைத்து, இரண்டு தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் மசித்துக் கொடுப்பேன். பொட்டாசியம் போகட்டும் என்று. "இது மாட்டோகே இல்ல, மாட்டோகேவோட ஆவி" என்பார். பாலும் அப்படித்தான், ஒரு சின்னக் கோப்பைக்கு மேல் கிடையாது. சில நாள் கழுவிப் புகை காட்டிவைத்த பால் சொம்பை எடுத்து முகர்ந்துவிட்டு வைத்துவிடுவார். நான் பார்க்காததுபோல இருந்துவிடுவேன். விசேஷ வீட்டில் நான் பெண்கள் பக்கம் இருந்தேன். அவர் ஒரு தட்டு நிறைய மாட்டோகேவும் வேர்க்கடலைக் குழம்பும் சாப்பிட்டு, பழமும் தின்றிருக்கிறார். மறுநாள் காலை கால் எழும்பவில்லை. நாடி நின்று நின்று அடித்தது. ம்பராரா போய்ச் சேரும்வரை என் விரலை அவர் மணிக்கட்டிலிருந்து எடுக்கவில்லை. இதயம் நிற்காமலிருக்க ஓர் ஊசி, பிறகு சர்க்கரைத் தண்ணீரோடு இன்சுலின், பிறகு மெஷின். சாயங்காலம் கண் விழித்தார். நான் அடிக்காத குறையாகத் திட்டினேன். "நல்லா இருந்துச்சு, என்ன பண்ண" என்றார்.

ஆகஸ்டில் இதயம் தளர்ந்துவிட்டது. மெஷினில் போட்டால் அழுத்தம் இறங்கும், அதனால் நீரை எடுக்க முடியாது. எடுக்காவிட்டால் நெஞ்சில் கோத்துக்கொள்ளும். உட்கார்ந்துகொண்டே தூங்கினார். தோல் அரிப்பு தாங்காமல் சீப்பால் முதுகைச் சொறிந்துவிடச் சொல்வார். ஒருநாள் டாக்டரை உட்காரவைத்து, "இனி மெஷின் வேணாம் டாக்டர், வீட்டுக்குப் போறேன்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். டாக்டர் வற்புறுத்தவில்லை. மூச்சுத் திணறாமலிருக்க ஒரு பாட்டிலில் மருந்து கொடுத்து, சொட்டுக் கணக்கில் எப்படித் தருவது என்று கமுசிமே நர்ஸ் எனக்கு மூன்று தடவை சொல்லிக்கொடுத்தாள்.

இனி என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளைக் கழுத்துக்காரியின் பாலைக் கறந்து முழுச் சொம்பு கொண்டுபோய் நீட்டினேன். இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார். "இரும்பு மாதிரி இருக்கு. நீ குடி" என்றார். அவர் பார்க்கும்படியே குடித்தேன்.

எட்டு நாள் இருந்தார். எட்டாம் நாள் மத்தியானம், மாடுகள் தண்ணீருக்குப் போயிருந்த நேரம், என் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டார். கஷ்டப்படவில்லை. அதை நீ நம்பலாம், நான் பக்கத்திலேயே இருந்தேன்.

அடக்கத்தில் உன் பேச்சு வந்தது. மறைக்கவில்லை. உங்கள் அத்தை கூட்டத்தின் நடுவில், "ரெண்டு கிட்னியையும் தூக்கிக்கிட்டு ஓடினான், ஒண்ணை இங்க வெச்சிட்டுப் போயிருந்தா என்ன?" என்றாள். சிலர் சிரித்தார்கள். நின்சீமா மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மாதக்கணக்காக அவள் குழாயடிக்கு எல்லாரும் போன பிறகுதான் தண்ணீர் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அதுவும் எனக்குத் தெரியும்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, இறப்புச் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கமுசிமே நர்ஸ் டீ கொடுத்தாள். வாய் சும்மா இருக்காமல், "அவர் தம்பி ஓடாம இருந்திருந்தா இன்னைக்கு நான் இந்தக் காகிதத்துக்கு நிக்க மாட்டேன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எழுந்து போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். டாக்டர் உன் அண்ணனின் கோப்பைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார். "என் தம்பி தயேப்வாவின் சிறுநீரகம் எனக்கு வேண்டாம். நானே யோசித்து எழுதுகிறேன். பம்வினே." தேதி பிப்ரவரி ஒன்பது. நீ போனது பதினான்கு.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அது உன் அண்ணனுக்கு மெஷின் இல்லாத நாள். நான் அவர் மாட்டு மருந்து வாங்கப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தனியாகப் போய்த் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். "என் தம்பி கையெழுத்துப் போட வருவான் டாக்டர். சரின்னுதான் சொல்லுவான். அவன் முகத்தைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க. நேத்து எங்க வீட்ல சாப்பிட உக்காந்தான், தட்டு ஆடுது." பயம் எல்லாருக்கும் வரும், அவனிடம் பேசலாம், அவசரமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு இவர், "பயம் போயிடும், தெரியும். ஆனா அண்ணன்கிறதால வேணாம்னு சொல்ல வழியில்லாம நிக்கிறான். நான் சொல்லிட்டா முடிஞ்சுது. ஒரு தாள் குடுங்க" என்றாராம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எல்லாரும் வீட்டில் கூடும்போது உன்னிடம் சொல்வதாக இருந்திருக்கிறார். நீ சனிக்கிழமை போய்விட்டாய்.

அவர் சொன்னது பொய்யே இல்லை. கேட்டவர்கள்தான் அதைப் பொய்யாக எடுத்துக்கொண்டோம். ஆறு மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நானே நம்பவில்லை. அது என்னோடு இருக்கும்.

மாற்றியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். பிழைத்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த முடிவு உன் கையில் இல்லை. நீ பஸ் ஏறுவதற்கு ஐந்து நாள் முன்பே அவர் எடுத்துவிட்டார். நீ அவரைக் கொல்லவில்லை. சொல்லாமல் போனாய், அது தப்புதான். பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் ஊர் வாயில் விட்டுவிட்டுப் போனாய், அதுவும் தப்பு. அந்த இரண்டுக்கும் நீ வந்து பதில் சொல்லலாம், சொல்லி முடிக்கலாம். அதற்குமேல் எதையும் தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

வேனில் சொன்ன சாபத்தை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். டாக்டர் அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொள்ள விட்டார். அதை உங்கள் அத்தை வீட்டுக்கே கொண்டுபோய், ஆட்களை வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தேன். அவள் எனக்குச் சாப்பாடு போட்டாள். நின்சீமாவிடம் தனியாகப் போனேன். மன்னித்துவிடு என்றேன். "நீங்க நம்புவீங்கன்னு பெரியவர் காத்துக்கிட்டிருந்தார் அக்கா. என்கிட்ட சொல்லியிருக்கார்" என்றாள். அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. இப்போது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் குழாயடிக்குப் போகிறோம்.

இன்னொன்று. உங்கள் அப்பாவுக்கும் ரத்த அழுத்தம், உன் அண்ணனுக்கும் அதில்தான் ஆரம்பித்தது. தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு வருஷக்கணக்காகப் பார்க்காமல் விட்டார். அங்கே கம்பெனியில் டாக்டர் இருந்தால் போய்க் காட்டு. சம்பளம் பிடிப்பார்கள் என்று யோசிக்காதே. பரிக்யேவிடம் புது நம்பரைச் சொல்லி அனுப்பு. கூப்பிட்டு நச்சரிக்க மாட்டேன், குழந்தைகளை மட்டும் பேசவிடுகிறேன்.

ஏப்ரலில் உன் ஒப்பந்தம் முடிகிறதாமே. அப்போது மழை இருக்கும், மெயின் ரோட்டிலிருந்து நம் வீடு வரும் பாதை சேறாகத்தான் கிடக்கும். பரவாயில்லை, நடந்து வா. இருட்டட்டும் என்று டவுனில் காத்திருக்காதே. பின்பக்கமாக வராதே. பகலில், கடைகள் திறந்திருக்கும்போது, எல்லாரும் பார்க்கும்படி வா. நான் ரோட்டுக்கே வந்து நிற்பேன், சேர்ந்து நடப்போம். கடவுள் உன் உடம்பை முழுசாக, ஒரு குறையும் இல்லாமல் வைத்திருந்து எங்களிடம் அனுப்பட்டும்.

என்றும் உன் அண்ணி,
கொபுசிங்யே