ஒரே நாளில் விழுந்த விலை

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். வழக்கத்துக்காக எழுதும் வரி இல்லை இது, மனதார எழுதுகிறேன். இங்கே மூவரும் நலம். குட்டிக்கு இரண்டு நாளாகச் சளி, இன்று பரவாயில்லை. இப்போதுதான் தூங்கினாள். என் தொண்டையில் கையை வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். நான் பேசும்போது அங்கே அதிர்வது அவளுக்குப் பிடிக்கும். அவள் கை தளரும் வரை வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். பாதி உங்களைப் பற்றித்தான்.

போனில் பேசியிருக்கலாம். நான் அழுதுவிடுவேன், நீங்கள் "சரி விடு, வேலை கெடக்கு" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் காகிதம். அன்று நடந்ததை அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் அனுப்புகிற குரல் பதிவு என்றால் குட்டியின் சத்தம்தான் இருக்கும் என்று நினைத்து, சாப்பாட்டு நேரத்தில், உங்கள் சட்டைக் கம்பெனிப் பெண்கள் நாலைந்து பேருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டீர்களாம். "ஏ, எல்லாரும் சும்மா இருங்க, எங்க வீட்டு வாண்டு பேசுது" என்று சொல்லிவிட்டுப் போட்டீர்களாம். வந்தது என் குரல்.

"எம் பொண்ணு காதுக்கு அந்தப் பணம்தான்னு நம்பிட்டு இருந்தேன் அண்ணி. அதை எதுலயோ போட்டுப் பத்துல ஒம்போது பங்கை அழிச்சிட்டீங்க. இதுக்குக் கொடுக்காமலே இருந்திருக்கலாம்." இதைத்தான் சொன்னேன். என் கையால் எழுதிப் பார்க்க வேண்டும் என்றிருந்தது, எழுதிவிட்டேன். கை கூசுகிறது.

நடந்தது இதுதான். போன மாதம் ஆஸ்பத்திரியில், காது கேட்பதற்காக உள்ளே கருவி வைக்கும் பட்டியலில் குட்டியின் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். ஏழு மாதத்தில் முறை வரும், அதற்கு முன்னால் ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் கட்ட வேண்டும் என்றார்கள். எனக்கு உடனே ஞாபகம் வந்தது, அவள் பிறந்த வாரம் நீங்கள் கொடுத்த உறைதான். எல்லாரும் பொம்மையும் கவுனுமாகக் கொண்டுவந்தபோது, காகிதம் கொடுத்துவிட்டுப் போகிறாளே என்று கூடிப் பேசினோம். உங்களுக்கு 'உண்டியல்' என்று பெயர் வைத்ததே நான்தான். அது உங்களுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

உறையை எடுத்துப் பார்த்தேன். குட்டிக்கென்று நீங்கள் வாங்கி, அவள் பிறந்த பிறகு அவள் கணக்குக்கு மாற்றிவிட்ட நூற்றிருபது யூனிட், சராசரி விலை 1,150. பல கம்பெனிகளின் பங்குகளை ஒரே கூடையாகக் கட்டி, பங்கு மாதிரியே சந்தையில் விற்கிற ஃபண்ட், ஈ.டி.எஃப். என்று நீங்கள் அன்றே சொன்னீர்கள். நான் தலையை ஆட்டினேனே தவிரக் காதில் வாங்கவில்லை. இப்போது என்ன விலை என்று பார்க்க, சந்தையின் தளத்திலிருந்து அந்த ஃபண்டின் பழைய விலைப் பட்டியலை இறக்கினேன். நாளுக்கு ஒரு வரி. தேதி, தொடங்கிய விலை, உச்சம், தாழ்வு, முடிந்த விலை, கடைசியில் இன்னும் ஏதோ ஓர் எண். கண்ணை முடிந்த விலையில் மட்டும் வைத்துக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டே வந்தேன். 1,290. 1,304. 1,312. அடுத்த நாள் 131.

மறுபடி பார்த்தேன். புள்ளி இடம் மாறியிருக்குமோ என்று திரையைத் துடைத்துக்கூடப் பார்த்தேன். அதற்குப் பிறகு எல்லா நாளும் நூற்று முப்பதும் நாற்பதும்தான். கடைசி வரி 142. நூற்றிருபதை அதால் பெருக்கினேன். பதினேழாயிரம்.

இவர் வேலையிலிருந்து வந்ததும் காட்டினேன். லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அல்லவா, அப்படியே நின்றுகொண்டு யோசித்தார். "ஒரே நாள்ல இவ்வளவு கீழ வந்தா கயிறு அறுந்திருக்கணும். அறுந்திருந்தா கட்டடமே கத்தியிருக்குமே? யாரும் கத்தலையே!" என்றார். "உங்களுக்கு எல்லாமே லிஃப்டுதான், போங்க" என்று எரிந்து விழுந்தேன். படித்தவள் நான்தானே இந்த வீட்டில்! இருக்கிறதையாவது விற்று எடுத்துவிடலாம் என்று கணக்கைத் திறக்கப் பார்த்தேன். கடவுச்சொல் மறந்து போயிருந்தது. மூன்று தடவை தப்பாகப் போட்டேன், பூட்டிக்கொண்டது. அந்த ஆத்திரத்தோடுதான் உங்களுக்குப் பேசி அனுப்பினேன். என் ஞாபக மறதிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக நன்றி சொல்கிறேன்.

நீங்கள் என்னைக் கிழித்திருக்கலாம். யாராக இருந்தாலும் கிழித்திருப்பார்கள். சாயங்காலம் இரண்டே வரி வந்தது. "கடைசிப் பத்தியில அன்னன்னைக்குக் கைமாறின யூனிட் எத்தனைன்னு இருக்கும். அந்த நாளுக்கு அதையும் பாரு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றோடு ஒன்பது நாள், ஒரு வார்த்தை இல்லை.

பார்த்தேன் அண்ணி. விலை பத்தில் ஒன்றான அதே நாளில், கைமாறின யூனிட் பத்து மடங்கு ஆகியிருந்தது. அன்று மட்டும் இல்லை, அதற்குப் பிறகும் அப்படியேதான். பயந்து விற்றிருந்தால் இரண்டு நாளில் அடங்கியிருக்க வேண்டாமா? அப்புறம்தான் ஃபண்ட் நிறுவனத்தின் பழைய அறிவிப்பைத் தேடி எடுத்தேன். சின்னத் தொகை வைத்திருப்பவர்களும் வாங்கட்டும் என்று ஒரு யூனிட்டைப் பத்தாகப் பிரித்திருக்கிறார்கள். நூற்றிருபது, ஆயிரத்து இருநூறு ஆகியிருக்கிறது. யாருக்கும் ஒரு காசும் போகவில்லை. கடவுச்சொல் புதிதாக வந்து கணக்கைத் திறந்தபோது ஆயிரத்து இருநூறு என்று அங்கேயே இருந்தது. இன்றைய விலைக்கு ஒரு லட்சத்து எழுபதாயிரம். தரையில் உட்கார்ந்துவிட்டேன். குட்டி வந்து என் வாயைத் தொட்டுப் பார்த்தாள், பேசுகிறேனா அழுகிறேனா என்று.

உறையில் இருந்த காகிதத்துக்குப் பின்னால் இன்னொரு தாள் குத்தியிருந்தது. இத்தனை நாள் புரட்டவே இல்லை, அன்றுதான் புரட்டினேன். நீங்கள் வாங்கின தேதிகள். எட்டு மாதம், மாதம் பதினைந்து யூனிட். முதல் தேதி, நான் உண்டாகியிருக்கிறேன் என்று உங்களுக்குச் சொன்ன வாரம். ஒவ்வொரு தேதியையும் விலைப் பட்டியலில் வைத்துப் பார்த்தேன். 1,060-க்கு வாங்கியிருக்கிறீர்கள், 1,230-க்கும் வாங்கியிருக்கிறீர்கள். விலை ஏறின மாதம்கூடப் பதினைந்து பதினாலாகவில்லை. ஐந்தாவது தேதி, அண்ணன் காலை உடைத்துக்கொண்டு சம்பளமில்லாமல் கிடந்த மாதம். அதிலும் பதினைந்து. அந்த மாதம்தான் எங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்கள் செருப்பு பிய்ந்திருந்தது. "கஞ்சம் பிடிச்சு என்ன பண்ணப் போறீங்க" என்று கேட்டுச் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள்.

அண்ணி, இப்போது ஒரு யோசனை கேட்க வேண்டும். அந்தப் பட்டியலை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். பிரித்ததையும், இடையிடையே கொடுத்த பங்காதாயத்தையும் கணக்கில் சேர்த்துச் சரிசெய்த விலை என்று வேறொரு பத்தி கிடைக்கிறது. அதில் பள்ளமே இல்லை, ஒரே கோடாக வருகிறது. பழையதையும் புதியதையும் ஒப்பிட அதைத்தான் பார்க்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன். அப்படி, பட்டியலில் இருக்கிற பன்னிரண்டு வருடத்தையும் பார்த்ததில், நிஜமான வீழ்ச்சி ஒன்று இருக்கிறது. உச்சத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு போய், பழைய இடத்துக்கு வர பதினாலு மாதம் ஆகியிருக்கிறது. மறுபடியும் அப்படி விழும் என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஒரு தடவை நடந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. நமக்கு இருப்பது ஏழு மாதம். பதினாலு மாதம் காத்திருக்கிற அவகாசம் குட்டிக்கு இல்லை, வயது ஏற ஏறப் பேச்சு வருவது கஷ்டம் என்கிறார் டாக்டர்.

அதனால் தொள்ளாயிரத்து அறுபது யூனிட்டை இப்போதே விற்று, ஆஸ்பத்திரிப் பணத்தை வங்கியில் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். மிச்சம் இருநூற்று நாற்பதை அவள் படிப்புக்கு அப்படியே விட்டுவிடலாம். விலை இன்னும் ஏறினால் ஏறட்டும், எனக்கு வருத்தமில்லை. கணக்கு என் பொறுப்பில்தான் இருக்கிறது, பொத்தானை நானே அழுத்தலாம். ஆனால் பதினைந்து பதினைந்தாகச் சேர்த்தது நீங்கள். நீங்கள் சரி என்று சொல்லாமல் என் விரல் அதில் படாது. இவரும் அதையேதான் சொல்கிறார். "அண்ணி சொல்லட்டும். நீ போன தடவை பார்த்த லட்சணம் போதும்" என்கிறார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன். அதை நேரில்தான் கேட்க வேண்டும். அந்தப் பெண்களிடமும் கேட்க வேண்டும், அவர்கள் முன்னால்தானே சொன்னேன். இந்தக் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் காட்டுங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்களாம். அன்று அந்தச் சின்ன அறைக்குள் டாக்டரைத் தவிர இரண்டு பேருக்குத்தான் இடம். நானும் இவரும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டார், நான் கேட்பதற்கு முன்னாலேயே. அந்த நாற்காலி உங்களுக்கு. அவள் முதன்முதலில் கேட்கப் போகிற நாலு சொல்லில் ஒன்றாவது உங்கள் குரலில் இருக்க வேண்டும் அண்ணி. என்ன சொல்வது என்று யோசித்து வையுங்கள். ஒன்றும் தோன்றவில்லை என்றால் அங்கே வைத்து என்னைத் திட்டித் தீர்த்துவிடுங்கள். யாரைத் திட்டுகிறீர்கள் என்று அவளுக்குத் தெரியாது, திரும்பி உங்களைத்தான் பார்ப்பாள்.

வந்துவிடுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
குட்டியின் அம்மா