டிரைவருக்கும் ஓர் அறை

முற்றத்து வெயிலில் ஒரு வேன் டிரைவர் காலடி ரப்பர் விரிப்புகளைக் கழுவிக் காயப் போட்டிருக்கிறார். ஈர ரப்பரும் மண்ணும் கொஞ்சம் டீசலும் கலந்த அந்த வாசனை சமையலறை ஜன்னல் வழியாக வந்ததும், இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. மற்றப் பெண்களுக்கு வீட்டுக்காரர் ஞாபகம் மல்லிகைப் பூவிலும் சந்தனத்திலும் வருமாம். எனக்குக் காலடி ரப்பரில் வருகிறது. வாய்த்தது அப்படி. சிரிக்காதீர்கள்.

அடுப்பை மகளிடம் விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகு இந்த விடுதியை நானும் அவளும் முழுதாக ஒரு வருஷம் நடத்திவிட்டோம். அந்தக் கதையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

வேலை விஷயமாக வருகிறவர்கள் இந்த ஒரு வருஷத்தில் எப்படி மாறிப்போனார்கள் தெரியுமா? உங்கள் காலத்தில் கம்பனி அதிகாரியாக ஒரு சேர், ஒரு ஜீப், ஒரு டிரைவர். காலையில் வந்து பல்லேபொல பக்கம் மிளகுத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு, இரவு தங்கி, மறுநாள் கொழும்புக்குத் திரும்பிவிடுவார்கள். இப்போது சின்னப் பேச்சையெல்லாம் கணினித் திரையிலேயே முடித்துவிடுகிறார்கள். நேரில் வந்தால் ஐந்தாறு பேர் ஒரே வேனில் வந்து, ஒரு கிழமை வேலையைச் சுமந்துகொண்டு நாலைந்து நாள் தங்குகிறார்கள். முன்பெல்லாம் வாசலில் இறங்கியதும் “என்ன கறி?” என்பார்கள். இப்போது “வைஃபை எப்படி?” என்கிறார்கள். கறி ஆறினாலும் கவலையில்லை, வைஃபை நின்றால் முகம் வாடிவிடுகிறது.

பெண் அதிகாரிகள் நிறைய வருகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைகிறது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கொழும்பிலிருந்து வீட்டு ஆட்கள் வந்து சேர்ந்துகொள்ள, சனிக்கிழமை எல்லோருமாக ரிவர்ஸ்டன் மலை பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். வேலைக்கு வந்தார்களா, சுற்றிப் பார்க்க வந்தார்களா என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு தம்பி அங்கே அடிக்கிற காற்றில் நின்றுகொண்டே போனில் கூட்டம் நடத்தியிருக்கிறார். திரும்பி வரும்போது குரலே இல்லை. கொத்தமல்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். நீங்கள் இருந்திருந்தால் அவரை இரண்டு நாளைக்குக் கிண்டல் பண்ணாமல் விட்டிருக்க மாட்டீர்கள்.

இதில் உங்களுக்குப் பிடிக்காத செய்தி ஒன்றும் உண்டு. கம்பனிகள் சொந்த வாகனங்களை விற்றுவிட்டு வாடகைக்கு வேன் பிடிக்கின்றன. அதனால் டிரைவரும் வாடகை டிரைவர்தான். அவர் சாப்பிட்டாரா, எங்கே படுத்தார் என்று கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

நீங்கள் கம்பனி டிரைவராக இருந்தபோது உங்களுக்கு மட்டும் யார் கேட்டார்கள்? சேர் ரெஸ்ட் ஹவுஸ் கட்டிலில் படுப்பார். நீங்கள் ஜீப்பின் பின் சீட்டில் காலை மடக்கிக்கொண்டு, நுளம்பு கடிக்காமல் முகத்தில் துவாயைப் போர்த்திப் படுப்பீர்கள். காலையில் சேர் வந்து, “நல்லா தூங்கினீங்களா?” என்று கேட்பாராம். “ஆமா சேர்” என்று நீங்கள் சொல்வீர்களாம். “பாவம், அவர் நல்ல மனுஷன்தான். ஆனா ஜீப்புக்குள்ள ஒரு நாளும் எட்டிப் பாக்கல” என்று சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். எனக்குச் சிரிப்பு வராது.

ஓய்வு பெற்றதும் சேமலாபப் பணத்தைப் போட்டு, மாத்தளையில் ரத்தோட்டை வீதியோரம் இருந்த நம் வீட்டை விடுதியாக மாற்றினீர்கள். மேஸன் பாஸிடம் முதலில் கட்டச் சொன்னது டிரைவர் அறையைத்தான். “சேர்மாருக்கு ரூம் கட்ட ஊரே இருக்கு. மொதல்ல இதக் கட்டுங்க” என்றீர்கள். அதற்கும் அதே கட்டில், அதே மெத்தை, அதே வெள்ளை விரிப்பு. சாப்பாடும் எல்லோருக்கும் ஒரே மேசையில்தான்.

அந்த மேசையில் டிரைவர்மாரை உட்கார வைப்பதற்கு நீங்கள் பட்ட பாடு இருக்கிறதே! சேர்மார் கூட ஒரு நாளில் பழகிவிடுவார்கள். டிரைவர்மார் பழகமாட்டார்கள். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நழுவப் பார்ப்பார்கள். கண்டிப் பக்கத்து டிரைவர் ஒருவர், “பரவால்லங்க, நான் பின்னால இருந்து சாப்புடுறேன்” என்று நெளிந்தார். “பின்னால எடமில்ல தம்பி. அங்க வாழை வச்சிருக்கேன். வாழையும் நீங்களும் ஒண்ணா நிக்க ஏலாது” என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். அவரோடு வந்த சேர் எழுந்து, மாடியில் சாப்பிடுகிறேன் என்று தட்டோடு போய்விட்டார். நீங்கள் முகம் சுளிக்கவில்லை. சொதியை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே படியேறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தீர்கள். “விருந்தாளிக்குக் கோவம் வரலாம், பசி வரக்கூடாது” என்றீர்கள்.

இந்த வருஷம் அந்த அறைக்குத்தான் சோதனை வந்தது.

வருஷத் தொடக்கத்தில் ஆட்கள் வருவது மிகவும் குறைந்துவிட்டது. அம்மாவைத் தனியாக விடக்கூடாது என்று கண்டி வேலையை விட்டுவிட்டு வந்தவள் நம் மகள். நிலைமை இப்படியே போனால் விடுதியை மூடிவிட்டு அவள் மறுபடி வேலை தேடிப் போக வேண்டியதுதான் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் வாசனைத் திரவியம் ஏற்றுமதி செய்கிற கம்பனியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நல்ல பிள்ளை, நல்ல பேச்சு.

“ஆன்ட்டி, எங்களுக்கு இடம் நல்லாப் புடிச்சிருக்கு. வருஷம் முழுக்க எங்க ஆக்கள இங்கயே அனுப்புறோம். ஒரே ஒரு விஷயம், கீழ இருக்கிற அந்த ரூம மீட்டிங் ரூமா மாத்தித் தாங்க.”

“அது டிரைவர் ரூம், மிஸ்.”

“டிரைவர் கையில கொஞ்சம் காசு குடுத்துர்றோம். அவர் எங்கயாவது பாத்துக்குவார்.”

எங்கேயாவது. அந்த இடம் எது என்று எனக்குத் தெரியாதா? உங்கள் முதுகு வலிக்கு எண்ணெய் தேய்த்த கை இது.

ஆனாலும் பொய் சொல்லக்கூடாது. ஒரு நிமிஷம் தடுமாறினேன். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்களே, அப்படி. விடுதியும் வேண்டும், அறையும் வேண்டும். சரி என்று சொல்லச் சொல்லி மகள் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

“மன்னிச்சுக்கங்க மிஸ். முன் ஹோல்ல மேசை போட்டுத் தர்றேன். நீங்க கூட்டம் முடிக்கிற வரைக்கும் நாங்க பாத்திரம்கூட கழுவமாட்டோம். அந்த ரூம மட்டும் கேக்காதீங்க.”

“யோசிச்சுச் சொல்றேன் ஆன்ட்டி” என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு பல நாள் ஒரு தகவலும் இல்லை. மகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் பொறுக்கமுடியாமல், “அப்பா இருந்திருந்தாக் குடுத்திருப்பாரும்மா” என்றாள். “யாரு, உங்கப்பாவா?” என்று கேட்டேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். பிறகு போய் அந்த அறைக்கு விரிப்பு மாற்றினோம். வேறென்ன செய்ய?

கடைசியில் அந்தப் பிள்ளையே கூப்பிட்டார். அவர்கள் வேறு விடுதிகளையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வாடகை வேன்காரர் கம்பனி டிரைவர் மாதிரி இல்லையே, பிடிக்காவிட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிடலாம். “மாத்தளைல வேற எடம்னா எங்க வேன்காரங்க சாக்குச் சொல்றாங்க ஆன்ட்டி. உங்க எடம்னா, வேற ஆக்களோட வந்து தங்கினவங்க, உடனே சரிங்கிறாங்க. ஒருத்தர் சொல்றார், அங்க படுத்தா மறுநாள் மலை வளைவுல கண்ணு சொக்காதாம்” என்றார். எந்த மாற்றம் டிரைவரை நாதியற்றவராக்கியது என்று நான் திட்டிக்கொண்டிருந்தேனோ, அதுவே அவர் கையில் ஒரு பிடியையும் கொடுத்திருக்கிறது. வருஷ ஒப்பந்தம் கைக்கு வந்தது. கூட்டமெல்லாம் முன் ஹோலில்தான் நடக்கிறது. கொடுத்த வாக்குப்படி நாங்கள் பாத்திரம் கழுவுவதில்லை. ஈ மொய்க்கிறது, பரவாயில்லை.

மகள் வீட்டிலேயே இருக்கிறாள். கணக்கும் வைஃபையும் அவள் பொறுப்பு. மேல் மாடிக்குப் புதுக்கூரை போட்டாயிற்று. நீங்கள் கட்டிய விடுதி நிமிர்ந்து நிற்கிறது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

போன கிழமை அந்தப் பிள்ளை மறுபடி பேசினார். அடுத்த மாதம் அவர்களுக்குக் கண்டியில் வேலையாம். “ஆன்ட்டி, டிரைவருக்கும் ரூம் குடுக்கிற எடம் கண்டியில தெரியுமா? நான் கேட்ட எடத்துல எல்லாம் சிரிக்கிறாங்க.”

தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, தெரிந்தவர்களிடம் நம்பர் வாங்கி ஒவ்வொரு விடுதியாகக் கூப்பிட்டேன். ஒருவர், “வேன் நிப்பாட்ட எடம் இருக்குங்க, அது போதாதா?” என்றார். இன்னொருவர் பேச்சைப் பாதியில் வெட்டினார். கடைசியாக ஒரு பெரியவர் முழுதும் கேட்டுவிட்டு, “இவ்வளவு தூரம் விசாரிக்கிறீங்களே, யாரும்மா பேசுறது? ஏதாவது ஏஜென்சியா?” என்றார்.

“இல்லங்க. மாத்தளையிலருந்து ஒரு டிரைவர் பொஞ்சாதி பேசுறேன்.”

அவர் அங்கே யாரிடமோ மாடி அறைச் சாவியைக் கேட்டது காதில் விழுந்தது. பிறகு, “மாடில ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. துப்புரவு பண்ணி வைக்கச் சொல்றேம்மா” என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மகள் கையில் கரண்டியோடு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘டிரைவர் பொஞ்சாதி’ என்பதை அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.