முத்துவுக்குக் காது கேட்காது, அண்ணா

எனக்கென்று இருந்த ஒரே அண்ணா அந்தோனிக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருஷம். கல்லறைக்கு வரும்போதெல்லாம் வீட்டுப் புதினங்களை வாயால் சொல்லிவிட்டுப் போவேன். இதை அங்கே நின்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். அண்ணா, ரூபியையும் டியூக்கையும் நான் குட்டிக்குச் சேர்த்துவிட்டேன்.

சேர்க்காதே என்று எத்தனை தரம் சொன்னீர்கள்! இரண்டும் சாம்பல் திட்டு விழுந்த டாக்ஸ்ஹண்ட் நாய்கள். கொட்டாஞ்சேனையில் யார் வந்தாலும் அந்தத் திட்டைத்தான் மெச்சுவார்கள். ஆனால் ரூபி குட்டிக்குத் தயாராகும் நாட்களில் டியூக்கைப் பூட்டி வைத்துவிட்டு, கறுவாத்தோட்டத்து வெள்ளைக்கார எஞ்சினியர் துரையின் திட்டில்லாத கபில நாயைத் தேடிப் போவீர்கள். ஏன் இந்த அலைச்சல் என்று ஒருநாள் கேட்டேன். "நிறம் தாயிட்ட இருந்து ஒரு பங்கு, தகப்பனிட்ட இருந்து ஒரு பங்கு வாறது. திட்டு ஒரு பக்கத்தால வந்தா வடிவு. ரெண்டு பக்கத்தாலயும் வந்தா குட்டி வெள்ளையாப் பிறக்கும், காது கேளாது, கண்ணும் போகலாம். நிறம் தோலுக்கு மட்டும் இல்லைப் பிள்ளை, காதுக்குள்ளயும் வேணும்" என்றீர்கள்.

உலகச் சண்டை முடிந்ததும் துரை அந்தக் கபில நாயோடு சீமைக்குக் கப்பலேறிவிட்டார். இந்த ஜாதியில் திட்டில்லாத வேறு ஆண்நாய் கிடைக்கவில்லை. ரூபிக்கு வயது ஏழாகப் போகிறது. நீங்கள் கையால் தடவி வளர்த்த வம்சம் என்னோடு முடிந்துவிடுமோ என்று பயந்தேன். வீடும் அவ்வளவு சத்தமில்லாமல் கிடந்தது. உங்கள் சொல்லை மறந்து செய்தேன் என்றால் பொய். நினைத்துக்கொண்டேதான் செய்தேன். எல்லாக் குட்டிக்கும் அப்படி வராதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று குட்டிகள். ஒன்று முழுக் கபிலம், ஒன்று தாயைப்போலத் திட்டு. அவை இரண்டும் சுகமாக இருக்கின்றன. மூன்றாவது பால் வெள்ளை.

குட்டிகள் பிறந்து ஐந்தாம் கிழமை குசினியில் என் கை தவறிப் பித்தளைத் தட்டம் விழுந்தது. இரண்டு குட்டிகள் துள்ளி எழுந்து ஓடின. வெள்ளைக்குட்டி அசையாமல் தூங்கியது. "நல்ல நித்திரைக்காரன்" என்று சொல்லிச் சிரித்தேன். விழுந்த தட்டத்தை எடுத்துத் துணியில் சுற்றி வைத்தேன், அண்ணா. திரும்ப ஒருதரம் தட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா?

பிறகு வெள்ளவத்தையிலிருந்து சிவகுரு அண்ணை வந்தார். கந்தோரில் உங்களுக்கு எதிர் மேசையில் இருந்தவர். மகள் சரோவுக்கு ஒன்பதாவது பிறந்தநாள், குட்டி வேண்டுமாம். பிள்ளை நேரே வெள்ளைக்குட்டியைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டது. முத்து என்று அங்கேயே பெயரும் வைத்துவிட்டது. அவர் கேட்டது ஒன்றுதான்.

"சுகமான குட்டிதானே, தங்கச்சி? அந்தோனி தந்தா நான் இதைக் கேட்கவும் மாட்டன்."

"ஓம் அண்ணை, ஒரு குறையும் இல்லை" என்றேன்.

சில மாதம் கழித்துக் கோயிலடியில் கண்டபோது, முத்து கூப்பிட்டால் வருகிறதில்லை என்று சரோவின் தாய் குறைப்பட்டாள். அந்த நாய் ஜாதியே பிடிவாதம் பிடித்தது என்று சொல்லி அனுப்பினேன். அன்றாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? உங்கள் நாய்களுக்குப் பழுது என்று ஊர் கதைக்குமே என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது பார்த்தால், என் முகத்தைக் காப்பாற்றத்தான் உங்கள் பெயரை முன்னால் நிறுத்தியிருக்கிறேன்.

வெள்ளவத்தையில் அவர்கள் ஒழுங்கை கடற்கரையில் போய் முடிகிறது. கடலுக்கு முன்னால் ரயில் பாதை. மூன்று கிழமைக்கு முன்னர் ஒரு பின்னேரம் முத்து தண்டவாளத்துக்கு நடுவே எதையோ மோந்துகொண்டு நின்றது. கல்கிசைப் பக்கமிருந்து ரயில் வந்தது. சரோ கூப்பிட்டது, கைதட்டியது, கத்தியது. எஞ்சினும் ஊதிக்கொண்டே வந்தது. நாய் தலையை நிமிர்த்தவே இல்லை. பிள்ளை அதைத் தூக்கத் தண்டவாளத்தில் இறங்கி ஓடிவிட்டது.

நாய் அந்த இடத்திலேயே முடிந்தது. சரோ உயிரோடு இருக்கிறது. வலது பாதம் இல்லை, அண்ணா.

தோடம்பழத்தோடு இரண்டுதரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் நாள் பிள்ளை காலைப்பற்றிக் கதைக்கவே இல்லை. "அன்ரி, நான் எவ்வளவு கூப்பிட்டனான், அது திரும்பிப் பாக்கேல்ல. முத்துவுக்கு என்னில கோவமோ?" என்று கேட்டது. "கோவமில்லை, அது குழப்படி நாய்" என்றேன். செத்த வாயில்லாச் சீவனின் தலையில் பழியைப் போட்டேன். இரண்டாம் நாளும் அதே கேள்வி, அதே பதில். அன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். ரூபி மடியில் ஏற வந்தது, தள்ளிவிட்டேன். அதுவும் பாவம்தான், அது என்ன செய்தது?

நேற்று மூன்றாம் தரம். சிவகுரு அண்ணை கட்டிலருகே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை கேட்பதற்கு முன்னமே சொன்னேன்.

"சரோ, முத்துவுக்குக் காது கேட்காது. பிறக்கேக்கையே கேட்காது. எனக்குத் தெரியும்."

பிள்ளை என்னையே பார்த்தது. "அப்ப என்ர குரல் அதுக்கு ஒருநாளும் கேட்கேல்லையா?"

"இல்லைப் பிள்ளை."

முத்துவுக்குக் கோவமில்லை என்று தெரிந்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். "நான் அதுக்கு ஒவ்வொரு நாளும் கதை சொன்னனான்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை முகத்தை மூடி அழத் தொடங்கியது. கால் போனதற்குக்கூட அப்படி அழவில்லையாம், பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள்.

சிவகுரு அண்ணை எழுந்து என்னை விறாந்தைக்குக் கூட்டி வந்தார். சத்தம் போடவில்லை. "அண்டைக்கு நான் கேக்கேக்க உங்களுக்குத் தெரியும்" என்றார். ஓம் என்றேன். "இனி இந்த வாட்டுக்குள்ள வராதேங்கோ, மிஸ்" என்றார். தங்கச்சி என்று கூப்பிடவில்லை.

அண்ணா, நான் என்ன செய்ய? நான் எதைக் கொடுத்தாலும் அந்தப் பிள்ளை இனி ஓடாது. பொய் சொன்னபோதும் நோகடித்தேன், உண்மை சொன்னபோதும் நோகடித்தேன். நீங்கள் இருந்திருந்தால் அடித்தாவது இருப்பீர்களா? இல்லை, என் முகம் பாராமல் நாய்க்கூட்டைத் திறந்து நாய்களோடு நிற்பீர்களா? இரண்டில் எதுவென்றாலும் எனக்கு இப்போது வேணும்.

புண் ஆறவில்லையாம். நாளைக் காலை இன்னும் கொஞ்சம் மேலே வெட்டப்போகிறார்களாம். உள்ளே போகமாட்டேன், அவர் சொன்னது நியாயம். ஆஸ்பத்திரிக் கேற்றுக்கு வெளியே நிற்பேன். பிள்ளை கண் முழிக்கும்வரை நிற்பேன். யார் நீ, ஏன் நிற்கிறாய் என்று யார் கேட்டாலும் செய்ததை முழுதாகச் சொல்லுவேன். அந்தோனியின் தங்கச்சி என்று மட்டும் இனி எந்த வாசலிலும் சொல்லமாட்டேன். இது சத்தியம்.

உங்களிடம் மட்டும் அப்படிச் சொல்லிக்கொள்ள விடுங்கள்.

உங்கள் தங்கச்சி,
திரேசா
கொட்டாஞ்சேனை