அக்கா, நீ எதிரே நின்ற இடம்

என் ரூபி அக்காவுக்கு,

அன்பான அக்கா, இந்த வருடக் கிறிஸ்துமஸ் ஆட்டமெல்லாம் முடிந்துவிட்டது. உன் வெள்ளை உடுப்பைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். கொசுவலைத் துணியில் நீ தைத்த இறக்கைகள் ஆணியில் தொங்குகின்றன. அம்மா அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவதே இல்லை.

நீ போனது அக்டோபர் மழையில். மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்றார்கள். எழுந்து உட்கார முடியாத நாட்களிலும் பாயில் படுத்தபடி பாதத்தை நீட்டி நீட்டிப் பழகிக்கொண்டிருந்தாய். "கால் மரத்துப் போச்சின்னா டிசம்பர்ல எப்டிடி நுனிக்கால்ல நிப்பேன்?" என்று கேட்டாய். நான் உன் பாதத்தைத் தேய்த்துவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும், அக்கா?

சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் நட்சத்திரம் கட்டமாட்டார்கள் இல்லையா? தெருவில் எல்லா வாசலிலும் காகித ஸ்டார் எரிந்தது. நம் வாசல் மட்டும் இருட்டாக இருந்தது. அந்த இருட்டைத் தாண்டித்தான் சண்டே ஸ்கூல் செலின் டீச்சர் உள்ளே வந்தார். டிவியில் ஒருமுறை பாலே பார்த்துவிட்டு, நம் கிறிஸ்துமஸ் நாடகத்தின் தேவதூதர்களும் அப்படித்தான் ஆடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாரே, அதே டீச்சர். பாலே ஷூவுக்கு எங்கே போவது என்று எல்லோரும் விழித்தபோது, நீதான் கான்வாஸ் ஷூவின் முனையில் கழிவுப் பட்டு நூலைத் திணித்து நின்று காட்டினாய்.

"முன்னாடி நிக்கற தேவதூதி இல்லாம நாடகம் எப்டிமா போடறது?" என்றார் டீச்சர்.

அம்மா உன் துணிப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைக் காட்டினாள். "சின்னதுக்கு எல்லாம் தெரியும் டீச்சர். ரெண்டும் எதிரெதிரா நின்னுக்கினு ஆடுங்க."

பக்கத்து வீட்டு அத்தை பதறிப்போனாள். "சாவு வூட்டுப் பொண்ண ஆட வுடுவியாமா?"

"ஆடட்டும். எம்பொண்ணு தச்ச துணி பொட்டியில கிடந்து மக்கணுமா?"

யாரும் என்னைக் கேட்கவில்லை. நாலு பேர் பார்த்தால் என் கைகால் விறைத்துவிடும் என்று உனக்குத் தெரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் பாதிக் காரணம் அதுதான். எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். தறிக்காரர் வீட்டில் ராட்டையில் ஊடைநூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றுகிற வேலை எனக்குப் போதும். நான் ராட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், என்னை யாரும் பார்க்கமாட்டார்கள். நான் எப்படி மேடையில்?

ஆனால் அம்மா சொன்னது உண்மை. நம் வீட்டில் இருப்பது முகம் மட்டும் தெரிகிற கண்ணாடி. கை எவ்வளவு உயரம் போகிறது, முதுகு நிமிர்கிறதா என்று பார்க்க உனக்கு ஆளுயரக் கண்ணாடி வேண்டியிருந்தது. அதற்காக என்னை எதிரே நிறுத்தினாய். "நீதாண்டி என் கண்ணாடி. நான் என்ன பண்றனோ அப்டியே பண்ணு." நீ வலக்கையைத் தூக்கினால் நான் இடக்கையைத் தூக்கினேன். நீ ஜன்னல் பக்கம் சாய்ந்தால் நானும் ஜன்னல் பக்கம் சாய்ந்தேன். என் முழங்கை தொங்குவதைப் பார்த்து உன் முழங்கையை நிமிர்த்திக்கொண்டாய். நான் ஆடுகிறேன் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஒத்திகையின் முதல் நாளே தெரிந்துவிட்டது. எனக்கு ஒரு அடியும் மறக்கவில்லை, ஆனால் எல்லாமே இடம் வலம் மாறியிருந்தது. "ரைட்டுமா, ரைட்டு!" என்று டீச்சர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார். அடையாளத்துக்காக என் வலது மணிக்கட்டில் ஒரு ஜரிகை இழையைக் கட்டிவிட்டார். அதைப் பார்த்துப் பார்த்து ஒருவழியாகப் பழகினேன்.

சுற்றுவட்ட ஊர்களில் நாடகம் போடக் கிளம்பினோம். முதல் நிகழ்ச்சி ஐயம்பேட்டையில். பாட்டு தொடங்கியது. டியூப் லைட் வெளிச்சம் முடிகிற இடத்தில், சனங்களுக்கு முன்னால், நீ நின்றாய். வீட்டில் நிற்கிற மாதிரியே, பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்னல் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு. நீ கையைத் தூக்கினாய். நான் ஜரிகையை மறந்தேன்.

வரிசை முழுக்க ஒரு பக்கம் சுழல, நான் எதிர்ப்பக்கம் சுழன்றேன். என் இறக்கை பக்கத்தில் ஆடிய பிரேமாவின் இறக்கையில் மாட்டிக்கொண்டது. அவள் கிரீடம் கழன்று, படுத்திருந்த மேய்ப்பன் தலையில் விழுந்தது. "டேய், தேவதூதருங்களுக்குள்ளயே சண்டடா!" என்று யாரோ கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

திரும்பும்போது வேனில் பிரேமா பிடித்துக்கொண்டாள். "ஏண்டி எஸ்தரு, ஊரே ஒரு பக்கம் போவுது, நீ மட்டும் எதிர்ல பூந்து வர்ற. ஷேர் ஆட்டோவா நீ?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு உன் உடுப்பின் கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அழுதேன். அதில் இன்னும் உன் பவுடர் வாசனை இருந்தது.

டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னும் ஒரு தபா இப்டி ஆச்சின்னா பிரேமாவ முன்னாடி நிறுத்திடுவேன்மா. மனசுல வெச்சிக்காத." உன் இடம் பிரேமாவுக்கு. உன் உடுப்பும் அவளுக்கு. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வேன்? சரியாக ஆடியே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போனோம். பாட்டு தொடங்கும்போதெல்லாம் நீ வந்தாய். நான் உன்னை விட்டு ஜரிகையைப் பார்க்கப் பழகினேன். வலது என்று வாய்க்குள் சொல்லி வலக்கையைத் தூக்கினால் நீ கொஞ்சம் மங்கிப்போவாய். ஒரு விரல் தவறினால் உடனே தெளிவாகத் தெரிவாய். என்ன மாதிரியான தண்டனை இது, அக்கா? ஒவ்வொரு ஊரிலும் டீச்சர் "பரவால்லமா, தேறிட்ட" என்றார். ஒவ்வொரு ஊரிலும் நீ குறைந்துகொண்டே வந்தாய்.

கடைசி நிகழ்ச்சி தாமல் கிராமத்தில். ஏரி நிரம்பியிருந்தது, அந்தக் காற்றில் எங்கள் கால்கள் வெடவெடத்தன. அம்மா முதல்முறையாக வந்து, முன்னால் சாக்கில் உட்கார்ந்திருந்தாள். அன்று ஜரிகையைப் பார்க்கத் தேவைப்படவில்லை. கை தானாகப் போனது. வரிசை என் பின்னால் ஒன்றாகச் சுழன்றது. நுனிக்காலில் எழும்பி, கையை விரித்து, நிமிர்ந்து பார்த்தேன்.

எதிரே சனங்கள் இருந்தார்கள். அம்மா இருந்தாள். ஒரு குழந்தை வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தது. நீ இல்லை. நீ நின்று ஆடுகிற இடத்தில் இப்போது நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எதிரே நிற்க யாரும் இல்லை.

கைதட்டினார்கள். பிரேமா தன் கேக்கில் பாதியைப் பிய்த்து என் வாயில் திணித்து, "கலக்கிட்டடி" என்றாள். அம்மா மேடைக்குப் பின்னால் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அப்டியே எம்பொண்ணு ரூபிதாம்மா நீ" என்று சொல்லி அழுதாள். நானும் அவள் பெண்தானே, அக்கா? அவள் தேடியது அவளுக்குக் கிடைத்துவிட்டது. நான் தேடியது?

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய இடத்தில் நின்று, இடக்கையைத் தூக்கிப் பார்த்தேன். கை தயங்கியது, அக்கா. வலதுதான் முதலில் எழுந்தது. உன்னோடு ஆடியதைக்கூட என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எடுக்கக் கொடுத்தவளும் நான்தான்.

அடுத்த வருடமும் நான்தான் முன்னால் நிற்கவேண்டுமாம். டீச்சர் சொல்லிவிட்டார். நிற்பேன். அங்கே அவர்கள் கேட்கிறபடி ஆடுவேன். ஆனால் நேற்று ஜரிகை இழையை அவிழ்த்து இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். தார் சுற்றிவிட்டு வந்து, அம்மா தண்ணீர் பிடிக்கப் போகிற நேரத்தில், தினமும் உன் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு என் இடத்தில் நிற்பேன். நீ வந்தாலும் வராவிட்டாலும், என் கை மறுபடி தப்பாகப் போகும்வரை நிற்பேன். இது சத்தியம்.

உன் எதிரே நிற்கிற தங்கச்சி,
எஸ்தர்