இடது குதிகாலில் ஒரு சிவப்பு அம்பு

வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. நாம்தான் ஊர் ஊராகப் பார்சல் அனுப்புவோம், நமக்கு யார் அனுப்பப் போகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால், வெளியூருக்கு நாம் தைத்து அனுப்பிய முதல் ஜோடி! அந்த மஞ்சள் துணி ஷூ. துவைத்துத் துவைத்து நிறம் இறங்கியிருந்தது. குழந்தைப் பவுடர் வாசனை மட்டும் போகவில்லை. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "அக்கா, ரெண்டாவது பாப்பா பிறந்திருக்கிறாள். இதே மாதிரி இன்னொரு ஜோடி வேண்டும். மாதிரிக்கு இதை அனுப்புகிறேன்."

என் விரல் தானாக இடது ஷூவுக்குள் போனது. குதிகால் பக்கம், உள்ளே, நகத்தளவு ஒரு துணி ஒட்டுப் போட்டிருந்தது. தைக்கத் தெரியாத யாரோ கோணல்மாணலாகத் தைத்த ஒட்டு. நாம் வைத்தது இல்லை. அதைத் தொட்டதும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் டீ வைத்தேன், அது பொங்கி அடுப்பெல்லாம் வழிகிற வரைக்கும் வாசலில் நின்றேன். இன்றைக்குத் திங்கட்கிழமை. இன்னும் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இதைக்கூட மிஷின் பலகை மேல் தாளை வைத்து நின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு உன் வீட்டுக்கு, சிங்கவரம் பஸ் ஏறினாய். ஐந்தாம் நாள் நீ இல்லை. இந்த நாலு மாதத்தில் நான் ஒரு ஜோடிகூட அனுப்பவில்லை. தைக்கிறேன், அடுக்குகிறேன், திரும்பவும் எடுத்துப் பார்க்கிறேன், இது சரியா தப்பா என்று தெரியாமல் அலமாரியில் போட்டுவிடுகிறேன். "இன்னும் செய்யறீங்களா?" என்று நம் ஆன்லைன் பக்கத்தில் கேட்டுக் கேட்டு ஆட்கள் ஓய்ந்துவிட்டார்கள். இதற்கிடையில் திண்டிவனம் பக்கம் ஒரு புது ஷூ கம்பெனிக்குத் தையல் தெரிந்த பெண்களை எடுக்கிறார்கள். இன்று காலை ஆறரைக்குக் கூட்ரோட்டில் பஸ் ஏறியிருந்தால் வேலை. எங்கள் வீட்டுக்காரர் நேற்றே என் பழைய டிபன் பாக்ஸைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டார். "அந்தம்மா இல்லாம உன்னால ஆவாது. சும்மா எதுக்கு இழுத்துகினு இருக்கற?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான்.

பழைய கம்பெனியில் உன்னைக் கண்டாலே எனக்கு ஆகாது, தெரியுமா? நான் மிஷினில் தைக்கிறவள். நீ செக்கர். குறை இருக்கிற இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது உன் வேலை. என் மேசைக்குத் திரும்பி வருகிற ஷூக்களில் அம்புகளைப் பார்த்தால் அப்படியே உன் நெற்றியில் ஒட்டிவிடலாம் என்று இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நான் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். நீ அதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டாய். "இன்னா மே, கோவமா? நாளைக்கும் ஒட்டுவேன்" என்பாய்.

அந்தக் கம்பெனியில் ஒருநாள் சாயங்காலம் எங்கள் லைனையே மூடிவிட்டார்கள். நாளையிலிருந்து பஸ் வராது என்று சொல்லியாயிற்று. மறுநாள் காலை நான் என்ன செய்கிறேன் என்ற நினைப்பே இல்லாமல் குளித்து, டிபன் பாக்ஸில் எலுமிச்சம்பழச் சோறு கட்டி, கூட்ரோட்டுக்குப் போய் நின்றேன். அங்கே எனக்கு முன்னாலேயே நீ நிற்கிறாய்! உன் கையிலும் டிபன் பாக்ஸ். ரெண்டு பேரும் ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தோம்.

"பஸ்ஸு வராது மே."

"தெரியும். நீ எதுக்கு வந்த?"

"நீ வருவன்னு தெரியும். அதான் வந்தேன்."

பொய். பழக்க தோஷத்தில் வந்தவள்தான் நீயும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காலை ஏழு மணிக்கே மத்தியானச் சோற்றைத் தின்றோம். அப்போதுதான் உன் பையைத் திறந்து ஒரு சுருள் சிவப்பு அம்பு ஸ்டிக்கரைக் காட்டினாய். "இத்தன வருசத்துல நான் கம்பெனியில இருந்து எடுத்துகினு வந்த ஒரே சொத்து" என்றாய். நான் சிரித்துப் புரையேறினேன். அந்தப் பெஞ்சில்தான் குழந்தைகளுக்குத் துணி ஷூ தைத்து போன் வழியாக விற்கலாம் என்ற பேச்சு வந்தது. முதலில் சொன்னது நீயா நானா என்று நமக்குள் கடைசிவரை சண்டை.

பதினோரு வருடம் ஷூ கம்பெனியில் இருந்த ரெண்டு பேருக்கும் ஒரு ஷூவை முழுசாகச் செய்யத் தெரியாது என்பது மறுநாள்தான் உறைத்தது. நான் தைத்தது பக்கவாட்டுத் தையல் ஒன்றை மட்டும். நீ செய்தது குறை பார்ப்பது மட்டும்தான். அவலூர்பேட்டைக் கடையில் ஒரு குட்டி ஷூ வாங்கி வந்து, கோழி உரிப்பது மாதிரி பிரித்துப் போட்டுக் கற்றுக்கொண்டோம். என் மாமியார் வாசலில் நின்று, "வூட்டுக்குள்ள செருப்பு தைக்கிறாளுங்களாம், நல்லா இருக்குது!" என்று முனகினார். நீ ஒரு ஷூவை உள்ளங்கையில் வைத்து நீட்டினாய். "இது இன்னும் தரையே மிதிக்காத செருப்பு அத்தை. தொட்டுப் பாரு." அவர் தொட்டார். இன்னொரு காலையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

கோட்டைக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? ராஜகிரி மலைப் படியில் ஷூக்களை வரிசையாக வைத்து வீடியோ எடுத்தால் அழகாக இருக்கும் என்றேன். அழகாகத்தான் இருந்தது, குரங்கு வருகிற வரைக்கும். ஒன்றைத் தூக்கிக்கொண்டு அது மதில் மேல் ஏற, நீ புடவையைச் செருகிக்கொண்டு, "அடியே, அது உன் சைசு இல்லடீ!" என்று துரத்தினாய். நான் போனைப் பிடித்தபடி சிரித்து, நீ திரும்பி வந்து சிரித்து, கடைசியில் ரெண்டு பேர் முகமும் விழுந்த அந்த வீடியோவைத்தான் ஊர் உலகமெல்லாம் பார்த்தது. அதைப் பார்த்துத்தான் கோயம்புத்தூர்ப் பெண் கேட்டாள். முன்பின் தெரியாத ஒருவர் நம்மிடம் கேட்ட முதல் ஷூ அது.

இனிமேல் சொல்லப்போவது உன்னிடம் நான் சொல்லாதது.

அந்த மஞ்சள் ஜோடியைத் தைத்து உன் கையில் கொடுத்தேன். நீ வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு சுண்டுவிரலை உள்ளே விட்டுச் சுற்றினாய். இடது குதிகாலில் நின்றது விரல். "உள்ள ஒரு முடிச்சு இருக்குது. பிரிச்சித் தையி. நாளைக்கு அனுப்பலாம்" என்று அம்பை ஒட்டிவிட்டு மத்தியான பஸ்ஸுக்கு ஓடினாய். எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாப்பாவுக்குப் போட்டோ எடுக்கிறார்கள், அன்றைக்கு அனுப்பாவிட்டால் போய்ச் சேராது. கம்பெனி போயும் இவள் அம்பு போகவில்லையே என்று ஆத்திரம். கூரியர்காரர் வாசலில் ஹாரன் அடித்தார். ஸ்டிக்கரை உரித்தேன். குப்பையில் போட்டால் நீதான் குப்பையைக் கொட்டுகிறவள், பார்த்துவிடுவாய். மிஷின் பலகைக்கு அடியில் ஒட்டினேன். ஷூவைக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் நீ கேட்டாய், "பிரிச்சித் தச்சியா?" தைத்தேன் என்றேன். "உள்ள வெரல விட்டுப் பாத்தியா?" பார்த்தேன் என்றேன். நீ தலையை மட்டும் ஆட்டினாய். திங்கட்கிழமை அந்தப் பெண் போட்டோவைப் போட்டு நம்மைப் பற்றி நாலு வரி எழுதினாள். அதற்கப்புறம்தான் நமக்கு வேலை வந்து குவிந்தது. நான் நினைத்தேன், பார்த்தாயா, உன் அம்பு இல்லாமலே நடந்துவிட்டது என்று.

சனிக்கிழமை அவளுக்குப் போன் போட்டேன். அந்த ஒட்டு என்ன என்று கேட்டேன்.

"அது ஒண்ணுமில்லீங்க அக்கா. போட்டுவிட்டதும் பாப்பா அழுதாளுங்க. ஏன்னே தெரியல. அப்புறம் உள்ள தடவிப் பாத்தேன், சின்னதா முடிச்சு. நானே துணி வெச்சுத் தெச்சுட்டேனுங்க."

"ஏன்மா அப்பவே சொல்லல?"

"வீடியோவுல நீங்க ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சுட்டு இருந்தீங்க. குறை சொல்ல மனசு வரலீங்க. அந்த இன்னொரு அக்கா நல்லா இருக்காங்களா?"

நீ இல்லை என்று சொன்னேன். முடிச்சைக் கண்டுபிடித்தது அந்த அக்காதான், தெரிந்தே அனுப்பியது நான் என்றும் சொன்னேன். பிறகு, "அப்போ இந்தத் தடவ பாத்து அனுப்புங்க அக்கா" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

போனை வைத்துவிட்டு மிஷினுக்கு அடியில் புகுந்தேன். ஏன் என்று கேட்காதே, அந்த ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. இருந்தது. தூசி படிந்து செங்கல் நிறமாக. அதற்குப் பக்கத்தில் இன்னொரு அம்பு ஒட்டியிருந்தது. அதன் முனை நேராக என் அம்பைக் காட்டியது.

அடிப்பாவி! உனக்குத் தெரிந்திருக்கிறது. மிஷினுக்கு எண்ணெய் விடக் குனிகிறவள் நீதானே, அது எனக்கு எப்படி மறந்தது? தரையில் உட்கார்ந்து சிரித்தேன், எங்கள் வீட்டுக்காரர் ஓடிவந்து பார்க்கும்போது அழுதுகொண்டிருந்தேன். தெரிந்தும் ஏன்டீ ஒரு வார்த்தை கேட்கவில்லை? ஒரு தடவை கத்தியிருக்கலாமே, நானும் பதிலுக்குக் கத்தி அன்றைக்கே தீர்ந்திருக்குமே. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான், தெரிந்துகொள்.

அப்புறம்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த முதல் ஜோடிக்குப் பிறகு நீ புதிதாக ஒரு பழக்கம் பிடித்தாய். ஒவ்வொரு ஷூவையும் நீ பார்த்து முடித்ததும் என் கையைப் பிடித்து இழுத்து, என் சுண்டுவிரலையும் உள்ளே விடச் சொல்வாய். "கண்ண மூடிகினு பாரு. கொழந்தைக்குப் பேச வராது மே, அழத்தான் வரும்." என்னை மட்டம் தட்டுகிறாய் என்று நினைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும், போ" என்று கையை உருவிக்கொள்வேன். நீ விடமாட்டாய். கடைசி நாள் வரைக்கும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புது ஜோடியைத் தைத்தேன். இன்று காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டது. டிபன் பாக்ஸ் கவிழ்த்தபடியே கிடந்தது. அப்போது நான் கண்ணை மூடி, இடது ஷூவுக்குள் விரலை விட்டிருந்தேன். வலது சரியாக இருந்தது. இடதில், குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே, இருக்கிறதா இல்லையா என்பது மாதிரி ஒரு நூல் உறுத்தல். நாலு மாதமாக எனக்குத் தெரியாது தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்துவிட்டது. உன் சுருளிலிருந்து ஒரு அம்பை எடுத்து நானே ஒட்டினேன். பிரிக்க உட்கார்ந்தேன். ஆமாம், அதற்கு மட்டும் உட்கார்ந்தேன். பிரித்து முடித்த பிறகும் திரும்பத் தைக்கக் கை வரவில்லை. உன்னிடம் இதைச் சொல்லாமல் தைக்க வேண்டாம் என்றுதான் தாளை எடுத்தேன்.

இதோ, கூரியர்காரர் வாசலில் ஹாரன் அடிக்கிறார். "இன்னாம்மா, ரொம்ப நாள் கழிச்சி கூப்ட்டியே, பார்சல் ரெடியா?"

"இல்லண்ணே. பிரிச்சித் தைக்கணும். நாளைக்கு வாங்க."