இடது பக்க பிரேக்

ஜூன் 9, திங்கள்

துலுக்காணம் மாஸ்டரை இன்று மனசுக்குள் பல முறை கொன்றுவிட்டேன்.

வண்டலூர் தாண்டி ஒரு பொட்டலில்தான் லாரி ஓட்டப் பயிற்சி. எனக்கு முன்னால் லாரியை ஓட்டியவன் அடையாளத்துக்கு வைத்திருந்த டிரம்மை இடித்துச் சாய்த்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கியர் மாற்றும்போது கரகரவென்று சத்தம் வந்ததுதான் தாமதம். "இன்னாமா, மாவா அரைச்சிக்கினு கீற?" என்றார் மாஸ்டர். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். லாரி செய்யும் தொழிற்சாலையில்தான் எனக்கு வேலை, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். புது வண்டிகளை ஓட்டிப் பார்க்கிறவர்கள் சொல்வதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். கார் லைசென்ஸ் இருந்தும், அதில் ஒன்றைக்கூட ஓட்டியதில்லை. இப்போது அந்தப் பிரிவில் பெண்களையும் எடுக்கிறார்கள். ஜூலை பாதிக்குள் ஹெவி லைசென்ஸைக் காட்டினால் இடம் எனக்கு.

ஜூன் 12, வியாழன்

வீட்டில் வெடித்தது. கிரீஷ் அண்ணா எனக்கு நங்கநல்லூரில் வரன் பார்த்திருக்கிறான். விவாகரத்தாகி அவன் வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பவளுக்கு இது அதிர்ஷ்டமாம்.

"பொண்ணு என்ன பண்றான்னு கேட்டா, லாரி ஓட்டறான்னு சொல்லட்டுமா?"

"சொல்லேன். பொய்யா என்ன?"

அம்மா ரசத்தைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் மௌனம் எப்போதும் அண்ணா பக்கம்தான் சாயும்.

நான் என்ன, இவன் பரணில் கிடக்கும் பழைய பாத்திரமா? யாராவது தூக்கிக்கொண்டு போனால் போதுமா?

ஜூன் 18, புதன்

மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுப்பது கைவந்துவிட்டது. மாஸ்டர் அடுத்தவனை ஏறச் சொன்னார். என்னைத் திட்டவில்லை. அது போதும்.

ஜூன் 22, ஞாயிறு

அண்ணா திடீரென்று இதமாகப் பேசுகிறான். டெஸ்ட் என்றைக்கு, எந்த ஸ்கூல், மாஸ்டர் பெயர் என்ன என்றெல்லாம் கேட்டான். சொன்னேன். காபிகூட அவனே கொண்டுவந்து வைத்தான். எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

ஃபெயில்.

ஜூன் 27, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை.

ரிவர்ஸ் ஒழுங்காக எடுத்தேன். அடுத்தது மேடு. டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் எனக்கு இடது பக்கம். பயிற்சி லாரியில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, ஆபத்துக்கு. கிளச்சை விட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறேன், வண்டி நகரவில்லை, அணைகிறது. மறுபடியும் அணைகிறது. திரும்பிப் பார்த்தேன். மாஸ்டரின் கால் அந்த பிரேக்கின் மேல் இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் இன்ஸ்பெக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இன்று காலை லீவு போட்டுவிட்டுப் பொட்டலுக்குப் போனேன். மாஸ்டர் முதலில் இல்லவே இல்லை என்று சாதித்தார். நான் நகரவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்க அண்ணன்தாம்மா வந்து சொல்லிக்கினு போனாரு. கல்யாண விசயம் கீது, இந்த வாட்டி பாஸாவ வாணாம்னாரு. நானும் பொண்ணு பெத்தவன். நல்லதுக்குத்தானேன்னு..."

பொண்ணு பெத்தவனாம். யாருக்குடா நல்லது? அந்தக் கால் ஒடிஞ்சு போகணும். எழுதியதை அடிக்கப் போவதில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டதற்கு அண்ணா மறுக்கக்கூட இல்லை. ஆமாம், உனக்காகத்தான் சொன்னேன் என்றான், செய்தித்தாளை மடித்தபடி. நான் கத்தினேன். அம்மா ஓடிவந்து ஜன்னலைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசு மிருதுளா. கீழ வீட்டுக்காரா காதுல விழப்போறது."

அம்மாவுக்கு அது ஒன்றுதான் கவலை.

ஜூலை 1, செவ்வாய்

வேறு ஸ்கூலுக்குப் போ என்கிறார்கள் ஆபீசில். மாட்டேன். அந்த லாரியின் கியர் என் கைக்குப் பழகிவிட்டது. அதை விட்டுவிட்டு ஓடினால் இவர்கள் ஜெயித்த மாதிரி. மாஸ்டரிடம் போய், மறு டெஸ்டுக்குத் தேதி வாங்குங்கள் என்று மட்டும் சொன்னேன். வாங்கிவிட்டார். தினமும் ஓட்டுகிறேன். ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இன்று மறு டெஸ்ட். மாஸ்டர் ஏற வந்தார். இடது பக்கக் கதவை உள்ளேயிருந்து பூட்டினேன்.

என்ன தகராறு என்று கேட்டுக்கொண்டே இன்ஸ்பெக்டர் வந்தார்.

"இந்தப் பக்கம் இவர் உட்காரக் கூடாது சார். நீங்க உட்காருங்க."

ஏன் என்றார். மாஸ்டரின் முகம் செத்துப்போயிற்று. நடந்ததைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் விசாரணை என்று இழுக்கும், டெஸ்ட் தள்ளிப்போகும், வேலையும் போகும். நானேதான் ஓட்டினேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஏறிக்கொண்டார்.

"நான் பிரேக்கைத் தொட்டேன்னா நீ ஃபெயில். புரியுதா?"

மேட்டில் இன்ஜின் முனகியது. ஆனால் வண்டி ஏறிவிட்டது. அப்புறம் ரோட்டில் ஒரு சுற்று. மாடு ஒன்று குறுக்கே வந்தது, நானே நிறுத்தினேன். அவர் கால் அசையவே இல்லை.

பாஸ்.

கீழே இறங்கியதும் மாஸ்டர் சாவிக்குக் கையை நீட்டி, மன்னிச்சிக்கோம்மா என்றார். சாவியை லாரிப் படிமேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

நங்கநல்லூர் வரன் வீட்டுக்கு நானே போன் செய்து, லாரி ஓட்டப்போகிறேன் என்று சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். யோசிக்கவே வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு கூடுவாஞ்சேரியில் ஒரு ஹாஸ்டலுக்கு வந்தாயிற்று. அம்மா வாசல்வரை வந்தாள். அண்ணா ரூமைவிட்டு வெளியே வரவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

தொழிற்சாலையில் இன்று ரோடு டெஸ்டுக்குப் புது லாரி ஒன்றைக் கொடுத்தார்கள். தாம்பரம் போய்த் திரும்பவேண்டும். இரும்புலியூர் சிக்னலில் எனக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர். கிரீஷ் அண்ணா. பின்னால் அவன் ஆபீஸ்காரர் ஒருவர். அவர்தான் முதலில் அண்ணாந்து என்னைப் பார்த்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, அண்ணாவின் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். அண்ணா திரும்பினான். பார்த்தான். தெரிந்துகொண்டான். தலையைத் திருப்பிக்கொண்டான். தங்கை என்று சொல்லவில்லை.

எனக்கும் அவனை அண்ணா என்று சொல்லிக்கொள்ள ஆசையில்லை.

பச்சை விழுந்தது. பதற்றத்தில் ஸ்கூட்டர் அணைந்துபோய், கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். நான் அடிக்கவில்லை. அவன் கிளப்பிக்கொண்டு போகும்வரை நிறுத்தி வைத்திருந்தேன். பெரிய வண்டி ஓட்டுகிறவர்கள்தான் பார்த்துப் போகவேண்டும்.