நம்பர் மேட்சிங்

நவ. 1, சனி

விடியற்காலையிலிருந்து தூறல். கிளினிக் பதினோரு மணிக்கு மேல்தான். அதற்குள் பம்மல் போய் கார் பார்த்தாயிற்று.

மோகனசுந்தரம் சார் என் பேஷண்ட். மேல்வரிசைப் பல் முழுக்க என் கைவேலை. தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். அதை மூடிவிட்டு கோயம்புத்தூரில் மகளோடு போய் இருக்கப் போகிறார். மகள் மாசமாக இருக்கிறாள். அவர் ஷெட்டில் பல வருடமாக ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை, இரண்டே சீட், கூரை கிடையாது. போன மாதம் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே "விக்கணும்மா" என்றார். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை.

ஆல்பர்ட் சிரிக்கிறார். "கேஸை மூடினோமான்னு தெருமுனையிலிருந்து திரும்பி வர்றவ நீ. உனக்குக் கூரை இல்லாத காரா?" அதற்காகத்தான். ஐம்பது வயதாகப் போகிறது. ஒன்றையாவது பயப்படாமல் வாங்க வேண்டும். வாங்கினால் கட்டிய புருஷன்கூட வாயை மூடுவார்.

பார்த்தவை: கதவுக்குக் கீழே ஃபிரிட்ஜ் காந்தத்தை வைத்தேன். துருவை மறைக்கப் பட்டி பூசியிருந்தால் ஒட்டாது. ஓரிடத்தில்தான் வழுக்கியது, பரவாயில்லை. மீட்டர் மைலில், அசல். ஸ்டியரிங் அசல். சீட் தோல் மட்டும் அவர் பட்டறையில் தைத்தது, அவரே ஒத்துக்கொண்டார்.

பிறகு முக்கியமான கேள்வி. இந்த மாதிரிக் கார்கள் தொழிற்சாலையிலிருந்து எந்த எஞ்சின் எண், எந்த சேஸிஸ் எண்ணோடு வந்தனவோ அதே எண்களோடு இருக்க வேண்டும். படித்து வைத்திருந்தேன்.

"நம்பர் மேட்சிங்தானே சார்?"

"நூத்துக்கு நூறு மேட்சிங்மா. அதைப் பாக்காம நான் வண்டி வெச்சிருப்பேனா?"

வாங்கிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். டீ வந்தது. ஏலக்காய் அதிகம்.

நவ. 2, ஞாயிறு

வெயில். பிரசங்கம் காதில் ஏறவில்லை. சர்ச் முடிந்ததும் நேராக பம்மல். கூடவே மெக்கானிக் பாபு, ஆல்பர்ட்டின் ஸ்கூட்டரைப் பார்ப்பவர்.

பெயர் மாற்ற எப்படியும் சேஸிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுக்க வேண்டும். எண் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து ஏறும். நானே தேய்த்தேன். கடைசி எண் ஐந்து. மற்றதெல்லாம் நிமிர்ந்து நிற்க, ஐந்து மட்டும் சாய்ந்து, தொப்பை போட்டு. பல் பார்க்கும் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து உள்ளே விட்டுப் பார்த்தேன். அந்த ஐந்தைச் சுற்றி இரும்பை ராவியிருக்கிறார்கள். கேப் போட்ட பல் எனக்குத் தெரியாதா.

பாபுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மோகனசுந்தரம் சார் உள்ளே போனில் இருந்தார்.

பாபு குரலைத் தாழ்த்தினார். "டாக்டர், இந்த அஞ்சு பின்னாடி அட்ச்சது. யாரோ குந்திகினு ராவி அட்ச்சிகீறான்."

"அப்படின்னா?"

"திருட்டு வண்டியா கூட கீலாம். போலீஸு வந்தா வூட்டாண்ட வெச்சிகினு இருக்கறவனத்தான் புடிப்பான். நான் இங்க வரவே இல்ல, பாக்கவும் இல்ல. பேஜார் டாக்டர் இது."

சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். நான் தனியாக நின்றேன். பென்சில் பிரிண்டை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நவ. 3, திங்கள்

மழை வரும் போல் வந்து வரவில்லை. தலைவலி.

ஒரே யோசனை. வாங்காவிட்டால் விட்டது தொல்லையா? பார்த்தாயிற்றே. நாளை இன்னொருவர் வாங்கி மாட்டினால், "டாக்டரம்மாவுக்குத் தெரியும்" என்று பாபு சொன்னால்? பென்சில் பிரிண்ட் என் கைப்பையில். கிழித்தால் தடயத்தை அழித்ததாகுமோ?

மாலையில் கடைவாய்ப் பல் வலியோடு ஒரு கான்ஸ்டபிள். நாற்காலியில் வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்தார். ஊசி போட்டு முடித்ததும், "ஏசி ஓடுது, உங்களுக்கு ஏன் மேடம் வேர்க்குது?" என்றார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குற்றமில்லாத நெஞ்சுக்கும் அதே குறுகுறுப்புதான், இன்று கண்டேன்.

மோகனசுந்தரம் சார் திருடரா? பல் கட்டியதற்கு நன்றி சொல்லி, பையோடு பலாச்சுளை கொண்டுவந்தவர். பயமாக இருக்கிறது. அவரை நினைத்தும் பயமாக இருக்கிறது.

நவ. 4, செவ்வாய்

கேட்டுவிட்டேன். ஷெட்டிலேயே, கதவோரமாக நின்றுகொண்டு.

"சார், கடைசி நம்பர்..."

முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு. "கண்டுபிடிச்சிட்டீங்களா! முன்ன அது நாலும்மா. மொத்தமாக் கூட்டினா எட்டு வந்துச்சு. வாங்கின மாசமே வீட்ல அவளுக்கு ஆபரேஷன், பட்டறையில தண்ணி பூந்து தோலெல்லாம் போச்சு. குரோம்பேட்டையில நியூமராலஜி பாக்கறவர் ஒருத்தர், எட்டை வீட்டுல கட்டி வெச்சிருக்கியேன்னு திட்டினாரு. தோல்ல நம்பர் அடிக்கற பஞ்ச் நம்மகிட்ட இருக்கே. நானே ராவி அஞ்சாக்கிட்டேன். இப்போ ஒன்பது. என் பொறந்த தேதிக்கு மேட்சிங். அன்னிக்கே சொன்னேனே."

மேட்சிங்! சிரிப்பு வந்தது. திருடர் இல்லை, கொள்ளைக்காரர் இல்லை, எட்டுக்குப் பயந்தவர். ஆட்டோவில் பாதி தூரம் வரை சிரித்தேன். கேம்ப் ரோடு திரும்பும்போது சிரிப்பு நின்றது. பயத்தில் செய்தால் என்ன, எண்ணை அழித்தது அழித்ததுதானே.

நவ. 5, புதன்

நல்ல மழை. ஆல்பர்ட்டின் சித்தப்பா மகன் வக்கீல். போனில் கேட்டோம். குற்றம்தான் என்றார். ஆனால் வழி இருக்கிறதாம். மோகனசுந்தரம் சாரே முன்வந்து போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். ராவிய இடத்தின் அடியில் பழைய எண்ணின் அழுத்தம் இரும்பில் இருக்கும், சோதனைக்கூடத்தில் எடுத்துவிடுவார்கள். அது ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடி நாலு என்று தெரிந்தால் அவர் சொல்வது உண்மை என்று நிற்கும், அனுமதியோடு பழைய எண் திரும்ப வரும். "அந்த இடம் அப்படியே இருக்கணும் அண்ணி. அதுதான் அவருக்கு ஒரே சாட்சி."

ஆக, கார் இன்னும் எனக்கு இல்லாமல் போகவில்லை. அவரும் பிழைப்பார்.

உடனே அவருக்குப் போன் போட்டேன். போலீஸ், குற்றம், சோதனைக்கூடம், எந்தச் சொல்லையும் வாயில் எடுக்க முடியவில்லை. ரத்தக் கொதிப்பு உள்ளவர், தனியாக இருக்கிறார், ஏதாவது ஆகிவிட்டால்? சனிக்கிழமை வக்கீல் முன்னால் உட்காரவைத்து மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று சுற்றி வளைத்தேன்.

"சார், அந்தப் பழைய நம்பரே திரும்ப வரணும். அப்பத்தான் வண்டி ஒரிஜினல். அப்பத்தான் நான் தைரியமா வாங்க முடியும்."

"எட்டாம்மா?"

"எட்டுதான் சார்."

"பொண்ணுக்கு எட்டாம் மாசம் நடக்குது டாக்டரம்மா."

"ஒண்ணும் ஆகாது சார். சனிக்கிழமை வர்றேன், பேசிக்கலாம்."

வைத்ததும் மனசு லேசானது. ஒரு கப் காபி. பயப்படாமல் பேசிவிட்டேன் என்று ஆல்பர்ட்டிடம் பெருமை வேறு.

நவ. 6, வியாழன்

மழை விட்டுவிட்டது. இரண்டு பல் பிடுங்கல், ஒரு அடைப்பு. தலையில் கட்ட நீல ஸ்கார்ஃப் ஒன்று வாங்கினேன். கூரை இல்லையே.

நவ. 7, வெள்ளி

கிளினிக்கில் மதியம் போன். மோகனசுந்தரம் சார். மூச்சு வாங்கியது.

"டாக்டரம்மா, இனி நீங்க பயப்பட வேணாம். பழைய நாலை அடிச்சிட்டேன். நாளைக்கு எட்டாந்தேதி, அதான் இன்னிக்கே முடிச்சிட்டேன்."

"சார், எதை அடிச்சீங்க?"

"சேஸிஸ்லதான். முன்ன அடிச்ச அஞ்சு லேசுல போகலை. ஆழமா ராவிட்டேன், கிரைண்டர் வெச்சு. அடியில ஒரு அடையாளம் கிடையாது, வழவழன்னு ஆயிடுச்சு. அப்புறம் அடிச்சேன். அன்னிக்குப் போன்ல உங்க குரல் சரியாவே இல்ல. நீங்க பயப்படறீங்களேன்னு என் பயத்தை ஒரு பக்கம் வெச்சுட்டேன். முடிச்சதும் கோயம்புத்தூருக்குத்தான் பேசினேன். பொண்ணு நல்லா இருக்கா. குழந்தை உதைக்குதாம்."

நாற்காலியில் பேஷண்ட் வாயைத் திறந்தபடி கிடக்கிறார். தொடாதீர்கள் என்று ஒரு வார்த்தை. புதன்கிழமை அந்த ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"இப்போ ஒரிஜினல்தானேம்மா?" என்றார்.

"ஆமாம் சார்" என்றேன்.